அரை நிமிட ஆரஞ்சு விளக்கு

பெட்டியிலிருந்து எடுத்த புதிய மேனேஜ்டு சுவிட்சில் ஒரு கேபிளைச் செருகினால், பல மாடல்களில் அந்தப் போர்ட்டின் விளக்கு உடனே பச்சையாவதில்லை. முதலில் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. பத்து நொடி போகும், இருபது நொடி போகும். அவசரக்காரர்கள் கேபிளை உருவி மறுபடி செருகுவார்கள். கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கை வைக்காமல் விட்டால் சுமார் முப்பது நொடியில் விளக்கு பச்சையாகிறது. அந்த அரை நிமிடத்தில் சுவிட்ச் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது: இந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டால் நெட்வொர்க்கில் எங்காவது லூப் உண்டாகுமா?

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டால், மேனேஜ்டு சுவிட்ச் நிறுவுவதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. அதனால் கட்டளைகளுக்குப் போவதற்கு முன் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1973 மே 22 அன்று, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய ஒரு குறிப்பில், கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறை முதன்முதலாக இடம்பெற்றது. அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து கட்டிய அமைப்பில் இருந்தது ஒரே ஒரு நீளமான கேபிள். எல்லாக் கணினிகளும் அதையே பகிர்ந்துகொண்டன. ஒரு கணினி அனுப்புவது எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். இரண்டு ஒரே சமயத்தில் அனுப்பினால் இரண்டு செய்தியும் மோதிக் கெட்டுப்போகும். சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். பத்துக் கணினிக்கு இது போதும். நூறு கணினி ஆனதும் மோதல்கள் பெருகிவிடும்.

இந்த நெரிசலைத் தீர்க்கத்தான் சுவிட்ச் வந்தது. கலிஃபோர்னியாவில் இயங்கிய கல்பனா என்ற நிறுவனம் 1990 வாக்கில் ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்ச் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்ச்களில் அதுதான் முதல். இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் என்பவரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. பரத்வாஜின் மனைவி பெயர்தான் கல்பனா. 1994இல் சிஸ்கோ அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

சுவிட்சின் வேலை முறை எளிமையானது. ஈதர்நெட்டில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் ஃபிரேம் என்று பெயர். அதன் தலைப்பில் பெறுநர், அனுப்புநர் இருவரின் மேக் முகவரியும் இருக்கும். ஒவ்வொன்றும் 48 பிட். ஐந்தாம் போர்ட்டில் ஒரு ஃபிரேம் வந்தால் சுவிட்ச் முதலில் பார்ப்பது அனுப்புநர் முகவரியை. 'இந்த ஆள் ஐந்தாம் போர்ட் பக்கம் இருக்கிறார்' என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு பெறுநர் முகவரியை அதே அட்டவணையில் தேடுகிறது. இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் சத்தமே இல்லாத முகவரியைப் பொதுவாக அட்டவணையிலிருந்து நீக்கியும் விடுகிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண சுவிட்சும் இதைச் செய்யும். மேனேஜ்டு சுவிட்சுக்குப் பல மடங்கு விலை கொடுப்பது வேகத்துக்காக அல்ல. அது நம் சொல்லைக் கேட்கும். நடந்ததைத் திருப்பிச் சொல்லும். அந்த இரண்டுக்காகத்தான்.

'தெரியாவிட்டால் எல்லோருக்கும் அனுப்பு' என்ற விதியில்தான் ஆபத்து இருக்கிறது. சில செய்திகள் எல்லோருக்கும் போக வேண்டும் என்றே பிறந்தவை, பிராட்காஸ்ட் என்கிறோம். ஒரு கணினி புதிதாக இணைந்து 'எனக்கு ஐபி முகவரி யார் தருவீர்கள்?' என்று கேட்பது அப்படிப்பட்ட செய்தி. இப்போது இரண்டு சுவிட்ச்களை இரண்டு கேபிளால் இணைத்துவிட்டோம் என்று வையுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். முதல் சுவிட்சிலிருந்து புறப்பட்ட பிராட்காஸ்ட் ஒரு கேபிள் வழியே இரண்டாவதுக்குப் போகிறது. அது மற்றக் கேபிள் வழியே திருப்பி அனுப்புகிறது. முதலாவது மறுபடி அனுப்புகிறது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் சின்ன முனகல்கூட நொடியில் காதைக் கிழிக்கும் கீச்சாகிறதே, நடப்பது அதேதான்.

இணையத்தில் போகும் ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. எட்டு பிட் கொண்ட அந்த எண் அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரௌட்டரும் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். வழிதவறிச் சுற்றினாலும் தானே செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ஒரே கேபிளாகத் தொடங்கிய அமைப்புக்குச் சுற்றிவரும் வழி ஏது? அதனால் அப்போது அது தேவைப்படவில்லை. இன்று லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட், யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை ஓயாமல் சுற்றும். ஒரு ஜிகாபிட் கேபிளில் மிகச் சிறிய ஃபிரேம்கள் நொடிக்கு சுமார் 14.88 லட்சம் போக முடியும். சில நொடியிலேயே கேபிள் நிரம்பிவிடும். அதோடு நிற்பதில்லை: பிராட்காஸ்ட் என்பதால் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினியும், பிரிண்டரும், கேமராவும் அத்தனையையும் வாங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டடமே ஸ்தம்பித்துவிடும்.

இதற்கு விடை கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1980களின் நடுவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மேலாளர் இந்தச் சிக்கலைக் கொடுத்துவிட்டு விடுப்பில் போனார். கூடவே கடினமான நிபந்தனை ஒன்று: நெட்வொர்க் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் தேவைப்படும் நினைவகம் கூடக் கூடாது. அன்று இரவே வழி கிடைத்துவிட்டது என்று பெர்ல்மன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1985இல் கட்டுரையாக வெளியானபோது அதற்கு முகப்பாக 'அல்கோரைம்' என்ற தன் கவிதையையும் வைத்தார். ஸ்பேனிங் ட்ரீ என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுவிட்ச்களில் இன்று ஓடுவது அந்த முறையும் அதன் வழித்தோன்றல்களும்தான்.

அதன் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. எல்லாச் சுவிட்ச்களும் முதலில் 'நானே தலைவர்' என்று அறிவித்துக்கொள்கின்றன. இரண்டு நொடிக்கு ஒருமுறை தத்தம் அடையாள எண்ணை அக்கம்பக்கத்துக்குச் சொல்கின்றன. தன்னுடையதைவிடச் சிறிய எண் காதில் விழுந்ததும் ஒரு சுவிட்ச் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, அந்தச் சிறிய எண்ணை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்குகிறது. கடைசியில் ஒன்றே ஒன்று தலைமைச் சுவிட்சாக மிஞ்சும். பிறகு ஒவ்வொன்றும் தலைமைக்குப் போகும் ஆகச் சுருக்கமான வழியை வைத்துக்கொண்டு, லூப் உண்டாக்கும் மிச்ச வழிகளின் போர்ட்டை அடைத்துவிடுகிறது. கேபிள் அப்படியே செருகியிருக்கும். தகவல் மட்டும் போகாது. அடைபட்ட போர்ட் அந்த இரண்டு நொடிச் செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டே காத்திருக்கும். இருபது நொடி எதுவும் கேட்கவில்லையென்றால், நடப்பு வழி அறுந்துவிட்டது என்று முடிவுகட்டித் திறக்க ஆயத்தமாகும். திறப்பதற்கு முன் பதினைந்து நொடி கவனிப்பு, பதினைந்து நொடி முகவரி கற்பது. அந்த இரண்டு பதினைந்துதான் நாம் பார்த்த ஆரஞ்சு விளக்கு. 2001இல் வந்த வேகமான பதிப்பு இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. ஆனாலும் பழைய முறையையே இயல்பாக வைத்து வரும் பெட்டிகள் இன்னும் உண்டு.

இவ்வளவு அழகான முறையும் கவனிப்பாரற்று விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் நகரத்தில் நடந்தது பாடம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையம், கணினிமயத்தில் முன்னோடி என்று பெயர் வாங்கிய மருத்துவமனை. 1996இல் இரண்டு மருத்துவமனைகள் ஒன்றானதில் உருவானது. நெட்வொர்க்கும் அப்படித்தான் ஒட்டுப்போட்டு வளர்ந்தது: கட்டடம் சேரச்சேரச் சுவிட்சும் சேர்ந்தது. ஸ்பேனிங் ட்ரீயின் இயல்பான நேரக் கணக்குகள், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இடையில் ஏழு சுவிட்ச்களுக்கு மேல் இருக்காது என்று நம்பி வகுக்கப்பட்டவை. அங்கே சில வழிகள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. யாரும் கவனிக்கவில்லை, அன்றாட வேலை நடந்துகொண்டிருந்தது.

2002 நவம்பர் 13 அன்று ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெரும் அளவில் தரவை நெட்வொர்க்கில் கொட்டத் தொடங்கியது. கேபிள்கள் நிரம்பினால் அந்த இரண்டு நொடிச் செய்திகளும் நெரிசலில் தொலையும். செய்தி வராத அடைபட்ட போர்ட், எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று எண்ணித் திறந்துகொள்ளும். திறந்தால் லூப், லூப்பால் மேலும் நெரிசல், நெரிசலால் மேலும் செய்திகள் தொலையும். ஆய்வாளரின் மென்பொருளை நிறுத்திய பிறகும் நெட்வொர்க் நிமிரவில்லை. வெளியிலிருந்து நிபுணர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். நான்கு நாள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டைக் கையால் எழுதினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஜான் ஹலாம்கா, அவசர சிகிச்சை மருத்துவரும்கூட. நடந்தது எதையும் மூடி மறைக்காமல் பொதுவெளியில் சொன்னார். மற்ற மருத்துவமனைகள் தங்கள் வயரிங்கைத் திருப்பிப் பார்த்தது அதனால்தான். அந்த நேர்மைக்கு இந்தத் துறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

இனி நம் கையில் இருக்கும் புதிய பெட்டிக்கு வருவோம்.

ரேக்கில் மாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எர்த் வயர் இணைப்பு, பின்பக்கம் காற்றுப் போக இடம், யுபிஎஸ், இரு முனையிலும் பெயர் ஒட்டிய கேபிள், செம்புக் கேபிள் எதுவும் 100 மீட்டரைத் தாண்டாமை. கேபிள் வழியே மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் என்றால் மட்டும் ஒரு கணக்குப் போட வேண்டும். 24 போர்ட், 370 வாட் என்று அட்டையில் போட்டிருந்தால், போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்கும் கிடைக்கும். 30 வாட் கேட்கும் சுழலும் கேமராக்களை மாட்டினால் பன்னிரண்டோடு சரி. பதின்மூன்றாவது கேமரா ஏன் எரியவில்லை என்று கேபிளைச் சோதித்துக்கொண்டு நிற்பவர்கள் நிறைய.

முதல் உரையாடல் கன்சோல் போர்ட் வழியே. லேப்டாப்பிலிருந்து அதற்கென்று உள்ள கேபிளை மாட்டி, நொடிக்கு 9600 பிட் வேகம் வைத்தால், பெரும்பாலான பெட்டிகள் கறுப்புத் திரையில் பேசத் தொடங்கும். ஆனால் தட்டச்சு செய்வதற்கு முன் காகிதத்தில் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது: யார் யாரோடு பேசலாம்? பெட்டியிலிருந்து வரும்போது எல்லாப் போர்ட்டும் ஒரே விலானில் இருக்கும். கணக்குப் பிரிவின் கணினியும் வாசலில் மாட்டிய கேமராவும் வந்துபோகும் விருந்தினரின் போனும் ஒரே கூடத்தில் இருக்கும். விலான் என்பது ஒரே சுவிட்சைப் பல தனிச் சுவிட்ச்களாகப் பிரிக்கும் ஏற்பாடு. ஒரு விலானின் பிராட்காஸ்ட் இன்னொன்றுக்குள் போகாது. 1998இல் வந்த 802.1க்யூ தரம் இதற்காக ஃபிரேமின் நடுவில் நான்கு பைட் செருகுகிறது; அதில் 12 பிட் விலான் எண்ணுக்கு. பயன்படுத்தத் தக்கவை 1 முதல் 4094 வரை. அலுவலகத்துக்கு 10, கணக்குக்கு 20, கேமராவுக்கு 30, விருந்தினருக்கு 40 என்று பத்து பத்தாக வைத்துக்கொள்வது பலருடைய பழக்கம். நாளை இடையில் ஒன்று சேர்க்க இடமிருக்கும்.

கேமராக்களைத் தனியாக வைப்பது வீண் எச்சரிக்கை அல்ல. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல அதனால் மணிக்கணக்கில் முடங்கின. சுவிட்சுக்கும் இதே விதிதான். முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்தது, எழுத்துகளை அப்பட்டமாக அனுப்பும் டெல்நெட்டை மூடி, மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை மட்டும் திறப்பது. நிர்வாக முகவரியை ஊழியர்களும் விருந்தினர்களும் இருக்கும் விலானில் வைக்காமல் தனி விலானில் வைப்பது.

ஒரு கணினியோடு முடியும் போர்ட் ஒரு விலானை மட்டும் சுமக்கும்; அது அக்சஸ் போர்ட். இன்னொரு சுவிட்சுக்குப் போவது பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிஸ்கோ வகைப் பெட்டிகளில் ட்ரங்கில் 10, 20, 40 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, புதிதாக 30ஐச் சேர்க்க நினைத்து, 'அனுமதிக்கப்பட்ட விலான் 30' என்று பொருள்படும் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால், பெட்டி அதை 'இனி 30 மட்டும்' என்று எடுத்துக்கொள்ளும். 'ஆட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் விடுபட்டதால் ஒரு மாடியே துண்டிக்கப்படும். பெட்டி உறுதி கேட்காது. என்டர் அழுத்திய கணமே மாற்றம் அமலுக்கு வந்துவிடும். தொலைவிலிருந்து வேலை செய்யும்போது உங்கள் இணைப்பே அந்த ட்ரங்கில்தான் வருகிறது என்றால் திருத்தவும் முடியாது. அதனால் அனுபவசாலிகள் ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'பத்து நிமிடத்தில் ரீலோட்' என்று கட்டளை கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் பெட்டி தானே மறுதொடக்கம் ஆகி, கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிடலாம்.

ஸ்பேனிங் ட்ரீயில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யாமல் விட்டால் வரும் கேடு பெரிது. அடையாள எண்ணின் முதல் பகுதி முன்னுரிமை. எல்லாப் பெட்டிகளிலும் அது 32768 என்றே வரும். முன்னுரிமை சமமானால் மேக் முகவரி சிறியது தலைவர். தயாரிப்பாளர்கள் எண்களைப் பெரும்பாலும் ஏறுவரிசையில் கொடுப்பதால், சிறிய எண் பழைய பெட்டியில் இருக்கும். யாரும் தலையிடாத நெட்வொர்க்கில் ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்த பழைய சுவிட்ச் தலைமை ஏற்று, எல்லா வழிகளும் அதைச் சுற்றி அமைவதற்கு இதுதான் காரணம். மையச் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192 என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு வரி.

கணினி மட்டும் இணையும் போர்ட்டுக்கு அரை நிமிடக் காத்திருப்பு தேவையில்லை. காத்திருந்தால் கணினி ஐபி முகவரி கேட்டுக் களைத்து, கிடைக்கவில்லை என்று நின்றுவிடவும் கூடும். அங்கே போர்ட்ஃபாஸ்ட் வசதியை இயக்கலாம். அதோடு பிபிடியூ கார்டையும் கட்டாயம் இயக்க வேண்டும்: அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீச் செய்தி எதுவும் வந்தால், அங்கே கணினிக்குப் பதில் சுவிட்சோ லூப்போ வந்துவிட்டது என்று பொருள், போர்ட் உடனே மூடிக்கொள்ளும். மேஜைக்கு அடியில் சின்ன சுவிட்சை வைத்து இரண்டு கேபிளையும் சுவரில் செருகுபவர்கள், இரண்டு போர்ட் உள்ள ஐபி போனின் இரண்டையும் சுவருக்குக் கொடுப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அந்தச் சின்ன சுவிட்ச்களில் சில இந்தச் செய்திகளை விழுங்கிவிடும் என்பதால், பிராட்காஸ்ட் அளவு எல்லை மீறினால் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் பக்கத்துணையாக வேண்டும். காத்திருப்பு தொல்லை என்று ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை இன்னமும் உலவுகிறது. அதைக் கேட்காதீர்கள். கேட்டவர்கள் கேபிள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி லூப்பைத் தேடும் நாள் நிச்சயம் வரும்.

பயன்படாத போர்ட்டுகளை மூடுங்கள். நேரத்தைச் சரியாக வைத்து, லாக் வரிகளை வெளியே ஒரு கணினிக்கு அனுப்புங்கள். நேரம் தவறிய லாக் எதற்கும் சாட்சியாகாது. பிறகு சேமிப்பு. கட்டளைகள் வாழ்வது இயங்கும் நினைவகத்தில். சேமிக்காவிட்டால் அடுத்த மின்தடையோடு அத்தனையும் போய்விடும். பல மாதம் ஒழுங்காக ஓடிய சுவிட்ச் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு எதுவும் தெரியாத பெட்டியாக எழுந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சேமித்ததன் நகலைச் சுவிட்சுக்கு வெளியேயும் ஒரு இடத்தில் வையுங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடத்தை அதோடு சேர்த்து வையுங்கள்.

நிறுவித் தந்தவர் 'எல்லாம் ஓடுது சார்' என்றதும் வேலை முடிந்ததற்கான தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விடுமுறை நாள் ஒன்றில் அவரைக் கூட வைத்துக்கொண்டு, குட்டையான பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் இரண்டு அக்சஸ் போர்ட்டில் செருகச் சொல்லுங்கள். சில நொடியில் போர்ட் மூட வேண்டும், லாகில் அதற்கான வரி விழ வேண்டும். பிறகு மேல்மாடிக்குப் போகும் இரண்டு கேபிளில் ஒன்றை உருவி, இணைப்பு திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து, எல்லா விலானும் இருந்தபடியே வருகிறதா என்று சரிபாருங்கள். இந்த மூன்றும் உங்கள் கண்ணெதிரே நடந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.